கப்பல் வாங்கப் போன வக்கீல்



தேவாரம், கோம்பை, உத்தமபாளையம் பக்கம் இருக்கிறவர்கள் அந்த லாரியைக் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். முன்னால் இஞ்சின், பின்னால் ஒரே நீளமாக ஓர் இரும்புப் பெட்டி. ஜன்னல் கிடையாது. தோட்டத்துப் பாதையில் திரும்ப முடியாமல் திணறும். பெட்டியின் ஒரு முனையில் குளிர்சாதன இயந்திரம் உறுமிக்கொண்டே இருக்கும். அதுதான் கன்டெய்னர். நம் பக்கத்து வாழைக்காயைச் சீப்பு சீப்பாக வெட்டி, கழுவி, அட்டைப்பெட்டியில் அடுக்கி, இதற்குள் ஏற்றுவார்கள். உள்ளே 13, 14 டிகிரி குளிர். அதற்கும் கீழே போனால் தோல் கறுத்துவிடும். வீட்டு ஃபிரிட்ஜில் வாழைப்பழத்தை வைத்தால் என்ன ஆகிறது என்று அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள்!

கதவை மூடிச் சீல் வைத்தபின் லாரி தேனி, உசிலம்பட்டி வழியாக இருநூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடித் தூத்துக்குடிக்குப் போகும். அங்கே துறைமுகத்து வாசலில் ஒரு மனிதரின் பெயர் எழுதியிருக்கும். வ.உ.சிதம்பரனார்.

நான் பள்ளியில் வேலை பார்த்த காலத்தில் இந்தப் பாடத்தைப் பல வருடம் நடத்தியிருக்கிறேன். கப்பலோட்டிய தமிழன், செக்கிழுத்த செம்மல் என்று சொல்லி, ஒரு மதிப்பெண் கேள்வியும் குறித்துக் கொடுத்துவிட்டு, மணி அடித்ததும் கிளம்பிவிடுவேன். ஒருநாள் ஏழாம் வகுப்பில் ஒரு பெண் எழுந்து நின்றாள். கப்பலும் வாங்கியாகிவிட்டது, மக்களும் அதில்தான் ஏறினார்கள், அப்புறம் ஏன் சார் அந்தக் கம்பெனி நின்றுபோனது என்று கேட்டாள். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. வெள்ளைக்காரன் சதி என்று சொல்லி உட்கார வைத்துவிட்டேன். அது பாதிப் பதில்தான். மீதியைத் தேடிப் படித்தபோதுதான், கடலில் சரக்கு அனுப்புவது என்றால் என்ன என்பதே எனக்கும் புரிந்தது.

வ.உ.சி. பிறந்தது ஒட்டப்பிடாரத்தில், 1872-ம் ஆண்டு செப்டம்பர் 5-ந்தேதி. தந்தை உலகநாத பிள்ளை வக்கீல். தாய் பரமாயி அம்மாள். மகனும் திருச்சியில் சட்டம் படித்து, 1895-ல் ஒட்டப்பிடாரத்திலேயே வக்கீல் வேலையைத் தொடங்கினார். நம் பள்ளத்தாக்குக்கு முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் திறந்து விடப்பட்டதும் அதே வருடம்தான். இப்படி நினைவு வைத்துக்கொண்டால் மறக்காது. ஏழைகள் வந்தால் காசு வாங்காமலே வாதாடுவார். போலீஸ்காரர்கள் போட்ட வழக்குகளை உடைத்து எறிவார். உள்ளூரில் பகை வளர்ந்தது. 1900-ல் தூத்துக்குடிக்குக் குடிபோனார்.

அப்போதைய தூத்துக்குடி எப்படி இருந்தது தெரியுமா? பருத்தியும் உப்பும் மூட்டை மூட்டையாகக் கரையில் குவிந்து கிடக்கும். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் பிழைக்கப் போகிறவர்கள் மூட்டை முடிச்சுடன் காத்திருப்பார்கள். மதுரைச் சீமையிலிருந்தும் ஏராளமானவர்கள் அப்படிப் போனார்கள். ஆனால் கரையோரம் கடலின் ஆழம் குறைவு. நீராவிக் கப்பல் கிட்டே வர முடியாது. சில மைல் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். மூட்டையைக் கூலியாள் தலையில் சுமந்து தோணியில் வைப்பார். தோணி பாய் விரித்துப் போய்க் கப்பலை ஒட்டி நிற்கும். அங்கே கயிறு கட்டி மேலே தூக்குவார்கள். கொழும்பில் மறுபடி இறக்க வேண்டும். ஒரு மூட்டை எத்தனை கை மாறுகிறது பாருங்கள்! ஒவ்வொரு கையிலும் கொஞ்சம் சிந்தும். கொஞ்சம் நனையும். கொஞ்சம் காணாமலும் போகும். ஏற்றி இறக்கி முடியும் வரை கப்பல் நாள்கணக்கில் சும்மா நிற்கும்.

உலகம் முழுக்கவே இந்தத் தொல்லை இருந்தது. இதற்கு ஒரு வழி செய்தவர் மால்கம் மெக்லீன் என்ற அமெரிக்க லாரி முதலாளி. மூட்டையை ஒவ்வொன்றாக ஏற்றுவானேன், லாரியின் பெட்டியையே கழற்றிக் கப்பலில் வைத்துவிட்டால் என்ன என்று யோசித்தார். 1956-ம் ஆண்டு ஏப்ரல் 26-ந்தேதி நியூவர்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு ஒரு கப்பலில் 58 பெட்டிகளை அனுப்பினார். கன்டெய்னர் யுகம் அன்றைக்குப் பிறந்தது. இன்று உலகமெங்கும் பெட்டி ஒரே அளவு. அகலம் எட்டடி, நீளம் இருபதடி அல்லது நாற்பதடி. அதனால் எந்த ஊர் லாரியும் அதைச் சுமக்கும், எந்தத் துறைமுகத்து கிரேனும் அதைத் தூக்கும். சரக்கை ஏற்றுகிறவர் வைத்த சீலை, அந்தக் கரையில் வாங்குகிறவர்தான் பெரும்பாலும் உடைப்பார். இடையில் சுங்க அதிகாரி சந்தேகப்பட்டால் திறந்து பார்ப்பார்.

ஆனால் பெட்டி மாறினாலும் மாறாத விஷயம் ஒன்று உண்டு. சரக்கு உங்களுடையது, கப்பல் இன்னொருவருடையது. நீங்கள் கூலி கொடுக்கிறீர்கள். அவர் சரக்கை ஏற்றிக்கொண்டதற்கு ஒரு கப்பல் ரசீது தருகிறார். அந்த ரசீதைக் காட்டுகிறவருக்குத்தான் அக்கரையில் சரக்கு கிடைக்கும். கூலி எவ்வளவு என்று சொல்வது யார்? கப்பல்காரர்தான்!

ஊருக்கு ஒரே ஒரு மினி பஸ் ஓடுகிறது என்று வையுங்கள். அவர் கேட்டதுதான் கட்டணம். ஏற்றினால் ஏற்றுவார், இல்லையென்றால் நிறுத்தாமல் போவார். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் நடுவே அப்படித்தான் பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி ஓடிக்கொண்டிருந்தது. வியாபாரிகள் வாய் திறக்க முடியாது. இது ஏதோ பழங்கதை என்று நினைக்காதீர்கள். கொரோனா நேரத்தில், 2021-ல், பெட்டிகளுக்குத் தட்டுப்பாடு வந்து கப்பல் கூலி பல மடங்கு ஏறியது. ஏற்றுமதி செய்கிற நம் ஊர்க்காரர்கள் சரக்கை வைத்துக்கொண்டு திண்டாடினார்கள். பெரிய கப்பல் கம்பெனிகள் உலகத்தில் விரல் விட்டு எண்ணக்கூடியவைதான்.

வக்கீலுக்கு இந்த முடிச்சு புரிந்தது. அந்நியத் துணியை வாங்காதே என்று மட்டும் சொன்னால் போதாது, நம் துணியை ஏற்றிப்போக நம் கப்பல் வேண்டும் என்று கணக்குப் போட்டார்.

1906-ம் ஆண்டு அக்டோபர் 16-ந்தேதி சுதேசி நாவாய்ச் சங்கம் பதிவு செய்யப்பட்டது. முதலீடு 10 லட்சம் ரூபாய். ஒருவரிடம் அவ்வளவு பணம் ஏது? அதனால் 40 ஆயிரம் பங்குகளாகப் பிரித்தார்கள். ஒரு பங்கு 25 ரூபாய். பெருக்கிப் பாருங்கள், சரியாக வரும். ஒரு பங்கு வாங்கியவரும் கம்பெனியின் ஒரு துளிக்குச் சொந்தக்காரர். ஆசியாக் கண்டத்தைச் சேர்ந்தவர் யார் வேண்டுமானாலும் வாங்கலாம். மதுரைத் தமிழ்ச் சங்கத்தைத் தோற்றுவித்த பாண்டித்துரைத் தேவர் தலைவரானார். ஹாஜி முகமது பக்கீர் சேட் என்ற வணிகர் ஒருவரே 8 ஆயிரம் பங்குகள், அதாவது 2 லட்சம் ரூபாய்க்கு வாங்கினார். வ.உ.சி. உதவிச் செயலாளர். பெயர்தான் உதவி; ஊர் ஊராக அலைந்து பங்கு விற்றது அவர்தான்.

கம்பெனி இருக்கிறது, கப்பல் இல்லை! முதலில் பம்பாயின் ஷா லைன் கம்பெனியிடம் கப்பலை வாடகைக்கு எடுத்து ஓட்டினார்கள். பிரிட்டிஷ் கம்பெனி சும்மா இருக்குமா? ஷா லைனை மிரட்டியது. அவர்கள் கப்பலைத் திருப்பி எடுத்துக்கொண்டார்கள். சரக்கு கரையில் கிடக்கிறது, டிக்கெட் விற்றாகிவிட்டது, கப்பல் இல்லை. எப்படி இருந்திருக்கும்! வ.உ.சி. இலங்கையிலிருந்து ஒரு கப்பலை வாடகைக்குப் பிடித்துச் சமாளித்தார். வாடகைக் கப்பலை நம்பினால் நடுக்கடலில் நிற்க வேண்டியதுதான் என்று அப்போது தெரிந்துவிட்டது.

சொந்தக் கப்பல் வாங்கப் பம்பாய்க்குப் புறப்பட்டார். வீட்டில் மூத்த மகன் உடல் நலமின்றிக் கிடந்தான், மனைவி மீனாட்சி அம்மாள் நிறைமாதக் கர்ப்பிணி என்று சொல்வார்கள். திரும்பினால் கப்பலோடு திரும்புவேன், இல்லையென்றால் கடலில் விழுந்து சாவேன் என்று சபதம் செய்துவிட்டுப் போனார். சொன்னபடியே 1907-ல் எஸ்.எஸ். காலியோ தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்தது. அடுத்து எஸ்.எஸ். லாவோ. பாரதியார் தம்முடைய இந்தியா பத்திரிகையில் அதைக் கொண்டாடி எழுதினார்.

காலியோவில் முதல் வகுப்பில் 42 பேர், இரண்டாம் வகுப்பில் 24 பேர், சாதாரண வகுப்பில் 1,300 பேர் போகலாம். 4 ஆயிரம் மூட்டை சரக்கும் ஏற்றலாம் என்று குறித்து வைத்திருக்கிறார்கள். ஒரு மூட்டை ஐம்பது கிலோ என்று வைத்துக்கொண்டால், அத்தனையும் இன்றைய இருபதடிப் பெட்டிகள் பத்துக்குள் அடங்கிவிடும். இன்றைய மிகப் பெரிய கப்பல்கள் அப்படிப்பட்ட பெட்டிகளை 24 ஆயிரம் வரை சுமக்கின்றன. காலியோவைச் சின்னக் கப்பல் என்று எண்ணிவிடாதீர்கள். அன்றைக்கு அது ஊரே திரண்டு பார்த்த கப்பல்!

இனிமேல்தான் அந்தப் பெண் கேட்ட கேள்விக்குப் பதில் வருகிறது.

கப்பலுக்கு ஒரு குணம் உண்டு. ஆள் ஏறினாலும் ஏறாவிட்டாலும் நிலக்கரி எரியும். மாலுமிகளுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். துறைமுகத்துக்குக் கட்டணம் கட்ட வேண்டும். நிறைந்து போனாலும் காலியாகப் போனாலும் செலவு ஏறத்தாழ ஒன்றுதான். ஆகவே கப்பலை நிறைத்தவர் பிழைப்பார், நிறைக்காதவர் மூழ்குவார். பிரிட்டிஷ் கம்பெனி பயணக் கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. வ.உ.சி. எட்டணாவாகக் குறைத்தார். பதினாறு அணா ஒரு ரூபாய். எட்டணா என்றால் அரை ரூபாய். 1,300 பேர் ஏறினால் 650 ரூபாய்தான். அதற்குள் நிலக்கரி, சம்பளம், எல்லாம். பிரிட்டிஷ் கம்பெனி அதற்கும் மேலே போனது. கட்டணமே வேண்டாம், இலவசமாக வாருங்கள், கூடவே ஒரு குடையும் தருகிறோம் என்றது!

அதற்கும் மயங்காமல் காசு கொடுத்துச் சுதேசிக் கப்பலில் ஏறியவர்கள் ஏராளம். வியாபாரிகளும் சரக்கை இதற்கே கொடுத்தார்கள். ஆனால் கணக்கு வேறு விதமாக இருந்தது. பிரிட்டிஷ் கம்பெனிக்கு உலகத்தில் எத்தனையோ வழித்தடங்கள். கொழும்பு வழியில் நஷ்டம் வந்தால் ரங்கூன் வழியில் வருகிற லாபத்தைப் போட்டு நிரப்பிக்கொள்ளலாம். சுதேசிக் கம்பெனிக்கு இருந்தது ஒரே வழி. அங்கே வருகிற நஷ்டத்தை எதைக் கொண்டு நிரப்புவது? அதிகாரிகளும் எதிர்ப்பக்கம். இத்தனைக்கும் நடுவே கம்பெனி ஓடியது என்றால், அதை ஓட்டிய ஆள் அப்படி. அவர் ஒருவரை நகர்த்திவிட்டால் போதும் என்பதும் மற்றவர்களுக்குத் தெரிந்தது.

நகர்த்துவதற்கும் நேரம் வந்தது. 1908 பிப்ரவரி கடைசியில் தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்குத் துணை நின்றார்கள். கூலி உயர்ந்தது, வேலை நேரம் குறைந்தது, ஞாயிறு விடுமுறை கிடைத்தது. மார்ச் 12-ந்தேதி திருநெல்வேலியில் இருவரும் கைதானார்கள். மறுநாள் ஊரே கொந்தளித்தது. துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் இறந்தார்கள். ஜூலையில் நீதிபதி பின்ஹே தீர்ப்புச் சொன்னார். இரண்டு ஆயுள் தண்டனை, மொத்தம் 40 வருடம்! அப்போது வ.உ.சி.க்கு வயது 35. தீர்ப்பைக் கேட்ட அதிர்ச்சியில் தம்பி மீனாட்சிசுந்தரத்துக்குச் சித்தம் கலங்கிவிட்டது. அது கடைசிவரை தெளியவில்லை.

மேல்முறையீட்டில் தண்டனை ஆறு வருடமாகக் குறைந்தது. கோவைச் சிறையில்தான் மாட்டுக்குப் பதிலாக அவரைச் செக்கில் பூட்டினார்கள். கோடை வெயிலில் கல் செக்கைச் சுற்றிச் சுற்றி இழுத்தார். அந்தச் செக்கு இப்போது சென்னை கிண்டி காந்தி மண்டபத்தில் இருக்கிறது. சென்னைக்குப் போனால் பாருங்கள். நான் போனபோது சிறு பையன்கள் அதைத் தொட்டு, அசைக்க முடியுமா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். முடியவில்லை.

அவர் உள்ளே இருக்க, வெளியே கம்பெனி தளர்ந்தது. பங்குதாரர்கள் பயந்தார்கள். சரக்குக் கொடுத்தால் அரசாங்கத்தின் பகை வருமோ என்று வியாபாரிகள் ஒதுங்கினார்கள். 1911-ல் கம்பெனி கலைக்கப்பட்டது. கப்பல்கள் கை மாறின. அப்போது அவர் கண்ணூர்ச் சிறையில் இருந்தார்.

1912-ம் ஆண்டு டிசம்பர் 24-ந்தேதி விடுதலை. வரவேற்கப் பெருங்கூட்டம் இல்லை. வக்கீல் சன்னதும் பறிபோயிருந்தது. சென்னையில் கடை வைத்துப் பார்த்தார். லட்ச ரூபாய்க் கம்பெனி நடத்தியவருக்குக் கடன் சொல்லுகிறவர்களிடம் கறாராக இருக்கத் தெரியவில்லை போலும், வறுமைதான் மிஞ்சியது. வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதி மனமிரங்கிச் சன்னதைத் திரும்பக் கிடைக்கச் செய்தார். அந்த நன்றிக்காகத் தம் மகன் ஒருவனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார் வ.உ.சி. எனக்கு அவருடைய வாழ்க்கையில் மிகவும் பிடித்த இடம் இது. ஆங்கிலேயரின் கம்பெனியோடு மோதி எல்லாவற்றையும் இழந்த மனிதர், ஓர் ஆங்கிலேயரின் பெயரைத் தம் பிள்ளைக்கு வைத்திருக்கிறார்.

மறுபடி வக்கீல் தொழில், கோவில்பட்டியில். இரவில் தமிழ் நூல்கள். தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் எழுதிய உரையைப் பதிப்பித்தார், திருக்குறளுக்கு உரை எழுதினார், ஆங்கிலத்திலிருந்து அறநூல்களை மொழிபெயர்த்தார். 1932-ல் தூத்துக்குடிக்கே திரும்பினார். 1936-ம் ஆண்டு நவம்பர் 18-ந்தேதி அங்கேயே கண்ணை மூடினார். வயது 64.

அவர் காலமாகி 38 வருடம் கழித்து, 1974-ல், தூத்துக்குடி பெரிய துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. தோணிக்குக் காத்திருக்காமல் கப்பல் நேரே கரையை ஒட்டி நிற்கும்படி ஆழமாகக் கட்டிய புதுத் துறைமுகம் அது. 1999-ல் கன்டெய்னருக்கென்றே தனி முனையம் வந்தது. 2011-ல் துறைமுகத்துக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள்.

சரி, நம் வாழைக்காய்ப் பெட்டி என்ன ஆயிற்று? துறைமுகத்தில் கிரேன் அதை அலுங்காமல் தூக்கிக் கப்பலில் வைக்கும். குளிர் நிற்காமல் இருக்கக் கப்பலிலேயே மின் இணைப்பும் கொடுப்பார்கள். தூத்துக்குடியிலிருந்து புறப்படும் பெட்டிகளில் பல, நேராகத் தூரதேசம் போவதில்லை. முதலில் ஒரு சிறிய கப்பலில் கொழும்புக்குப் போகும். அங்கே இறக்கி, உலகம் சுற்றும் பெரிய கப்பலில் மாற்றி ஏற்றுவார்கள். அந்தச் சிறிய கப்பல் போவது, ஒரு காலத்தில் எட்டணாக் கட்டணத்தில் காலியோ போய்வந்த அதே கடல் வழிதான்.

அடுத்த முறை அந்த லாரியைப் பார்த்தால் பெட்டியின் கதவில் எழுதியிருப்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். நான்கு ஆங்கில எழுத்துகள், ஏழு எண்கள் இருக்கும். முதல் மூன்று எழுத்துகள் பெட்டியின் சொந்தக்காரர் யார் என்பதைச் சொல்லும். கடைசி எண், முன்னால் உள்ளதைச் சரியாக எழுதியிருக்கிறார்களா என்று கணக்குப் போட்டுச் சரிபார்ப்பதற்காக. உலகத்தில் ஒரு பெட்டியின் எண் இன்னொன்றுக்கு இருக்காது. டிரைவர் மாமா டீ குடிக்க நிறுத்தினால், எந்தத் துறைமுகத்துக்குப் போகிறது என்றும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.